‘உளவுத்துறை வட்டாரங்கள்’ என்பவர் யார்?

நாளிதழ் வாசிக்கும் எல்லோருக்கும் பழகிப்போன ஒரு வரி உண்டு: ‘இவ்வாறு உளவுத்துறை வட்டாரங்கள் தெரிவித்தன.’ அந்த வட்டாரத்துக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, பதவி இல்லை. சொன்னது தவறென்று ஆறு மாதம் கழித்துத் தெரியவந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாது. ஆனாலும் அந்த ஒரு வரியை நம்பி நாம் ஓர் ஊரைச் சந்தேகிக்கிறோம், ஓர் அமைப்பைக் கண்டு பயப்படுகிறோம். சில நாடுகளில் மக்கள் ஒரு போரையே அந்த வரியை நம்பி ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த வரி எங்கே பிறக்கிறது, யார் கை மாறி அச்சுக்கு வருகிறது என்பதை ஆராய்வதையே தன் தொழிலாக்கிக்கொண்டவர் பால் லாஷ்மர். பிரிட்டனைச் சேர்ந்தவர். எழுபதுகளின் இறுதியில் லண்டனின் ‘அப்சர்வர்’ ஞாயிறு இதழில் செய்தியாளராகச் சேர்ந்தார். பிறகு தொலைக்காட்சி, பிறகு ‘இண்டிபெண்டண்ட்’ நாளிதழ், அதன்பின் ப்ரூனெல், சசெக்ஸ், லண்டன் சிட்டி பல்கலைக்கழகங்களில் இதழியல் ஆசிரியர். சிட்டியில் இதழியல் துறைக்குத் தலைவராகவும் இருந்தார். இப்படி வரிசையாகச் சொன்னால், ஓடிக் களைத்த ஒரு செய்தியாளர் வயதானபின் வகுப்பறையில் போய் உட்கார்ந்தார் என்று தோன்றும். அது சரியல்ல என்பது என் எண்ணம். ஏன் சரியல்ல என்பதை விளக்கினால், உளவுச் செய்தி என்பது எப்படிப்பட்ட பண்டம் என்பதும் கூடவே விளங்கிவிடும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். உளவு அமைப்புகளைப் பற்றி எழுதுகிறவர் என்றதும் நம் மனத்தில் இரண்டு உருவங்கள் வருகின்றன. ஒற்றர்களோடு சேர்ந்து சாப்பிட்டு, அவர்கள் காதில் போட்டதை எழுதுகிற நண்பர் ஒருவர். அரசின் ரகசியக் காகிதத்தைக் கடத்திக்கொண்டு வந்து வெளியிடுகிற துணிச்சல்காரர் இன்னொருவர். இரண்டு வகையினரும் உண்மையிலேயே இருக்கிறார்கள். லாஷ்மரின் பணி இவை இரண்டுக்கும் அப்பால் மூன்றாவது ஒன்று. ரகசியம் என்ன என்று கேட்பதோடு அவர் நிற்பதில்லை. அதை என்னிடம் ஏன் சொல்கிறார்கள், ஏன் இப்போது சொல்கிறார்கள், சொல்லாமல் விட்டது எது என்றும் கேட்கிறார்.

அவர் செய்தித் தொழிலுக்கு வந்த காலத்தில் பிரிட்டனில் உளவு அமைப்புகள் சட்டப்படி இல்லவே இல்லை. எம்.ஐ.5 என்னும் உள்நாட்டு உளவு அமைப்பு 1909இல் தொடங்கியது. அதற்கென்று ஒரு சட்டம் வந்தது 1989இல். வெளிநாட்டு உளவைக் கவனிக்கும் எம்.ஐ.6க்கும், ஒட்டுக்கேட்கும் அமைப்பான ஜி.சி.எச்.க்யூவுக்கும் 1994 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எண்பது ஆண்டுகளாகச் சம்பளம் கொடுக்கப்பட்டது, கட்டடம் இருந்தது, ஆட்கள் வேலைக்குப் போய்வந்தார்கள். ஆனால் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டால் அதற்குப் பதில் சொல்லும் வழக்கம் இல்லை. செய்தித் தொடர்பாளர் என்று எவரும் கிடையாது. பத்திரிகைகள் எதையெல்லாம் தொடாமல் விட்டால் நல்லது என்று அரசும் ஆசிரியர்களும் கூடிப் பேசி அறிவுறுத்தும் ‘டி அறிவிப்பு’ முறை 1912 முதலே நடப்பில் இருந்தது. கட்டாயமில்லை, அறிவுரைதான். பெரும்பாலான ஆசிரியர்கள் அந்த அறிவுரையைக் கேட்டே நடந்தார்கள்.

சட்டப்படி இல்லாத அமைப்பு பத்திரிகையில் பேச விரும்பினால் என்ன செய்யும்? நம்பிக்கைக்குரிய சிலரைத் தேர்ந்தெடுத்துப் பேசும். ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ இதழின் சாப்மன் பின்ச்சர் அப்படிப் பல பத்தாண்டுகள் ரகசியங்களை வெளியிட்டுப் பெயர் பெற்றவர். வரலாற்றாசிரியர் ஈ. பி. தாம்சன் அவரைக் கடுமையாகச் சாடினார். அதிகாரிகள் வரிசையில் நின்று ஒழுக்கிவிட்டுப் போகும் அரசுச் சிறுநீர்க் கழிப்பிடம் என்கிற பொருளில் அவர் எழுதியது இன்றும் பேசப்படுகிறது. முரட்டு உவமைதான். ஆனால் அது சுட்டும் சிக்கல் உண்மையானது. ஒரு செய்தியாளருக்கு ரகசியம் கிடைக்கும்போது அவர் அரசைக் கண்காணிக்கிறாரா, அரசின் ஒரு பிரிவு இன்னொரு பிரிவின்மேல் கல்லெறிய அவரைப் பயன்படுத்துகிறதா? வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். பல நேரம் அந்தச் செய்தியாளருக்கே தெரியாது.

அந்தத் தொழிலில் எல்லை எவ்வளவு மங்கலாக இருந்தது என்பதற்கு லாஷ்மர் வேலை பார்த்த இதழே சாட்சி. சோவியத்துக்கு உளவு சொன்ன கிம் ஃபில்பி, எம்.ஐ.6லிருந்து விலக்கப்பட்ட பிறகு, 1956 முதல் பெய்ரூட்டில் ‘அப்சர்வர்’, ‘எகானமிஸ்ட்’ இதழ்களின் நிருபராக இருந்தார். செய்தியாளர் என்ற அட்டை பையில் இருக்க, எம்.ஐ.6க்கும் வேலை செய்தார், மாஸ்கோவுக்கும் வேலை செய்தார். 1963 ஜனவரியில் ஓர் இரவு காணாமற்போனார்.

லாஷ்மரைப் பெயர் சொல்லி அறியவைத்தது 1985 ஆகஸ்ட் 18 அன்று, டேவிட் லீ என்ற மூத்த செய்தியாளரோடு சேர்ந்து அவர் ‘அப்சர்வர்’ இதழில் வெளியிட்ட செய்தி. பி.பி.சி.யின் தலைமையகத்தில் 105ஆம் எண் அறை. அதில் ஓய்வுபெற்ற ஒரு பிரிகேடியர் உட்கார்ந்திருந்தார்; பணியாளர் துறை இயக்குநரின் சிறப்பு உதவியாளர் என்பது அவருக்கு இடப்பட்ட பெயர். பி.பி.சி.யில் வேலைக்கு எடுக்கவிருப்பவர்களின் பெயர்கள் அவர் வழியாக எம்.ஐ.5க்குப் போகும். அங்கிருந்து வரும் சொல்லை வைத்து ஒருவருக்கு வேலை கிடைக்கும் அல்லது கிடைக்காது. ஏற்கனவே உள்ளே இருப்பவர் என்றால் அவருடைய கோப்பின் மேல் கிறிஸ்துமஸ் மரம் போன்ற ஒரு குறி விழும். அந்தக் குறி உள்ள கோப்பைப் பதவி உயர்வுக்கு எடுக்குமுன் பிரிகேடியரைக் கேட்க வேண்டும். இந்த ஏற்பாடு முப்பதுகளிலிருந்தே இருந்துவந்தது. கேட்டவர்களுக்கெல்லாம், அப்படி எதுவும் இல்லை என்றே பி.பி.சி. சொல்லி வந்தது.

இதில் பாதிக்கப்பட்ட ஒருவரின் கதையை மட்டும் சொல்கிறேன். இசபெல் ஹில்டன் 1976இல் பி.பி.சி. ஸ்காட்லாந்தில் ஒரு பணிக்கு விண்ணப்பித்தார். சீன மொழி படித்தவர். ஸ்காட்லாந்து–சீன நட்புறவுச் சங்கம் ஒன்றோடு தொடர்புள்ளவர். பண்பாட்டுப் பரிமாற்றத்துக்கான சங்கம் அது. எம்.ஐ.5இன் பார்வையில் அதுவே கறையாகிவிட்டது. வேலை கிடைக்கவில்லை, ஏன் கிடைக்கவில்லை என்பதை யாரும் அவரிடம் சொல்லவுமில்லை. பின்னாளில் அவர் நாடறிந்த செய்தியாளரானார், அதே பி.பி.சி.யில் நிகழ்ச்சி தொகுப்பாளராகவும் குரல் கொடுத்தார். அவர் திறமையால் மேலே வந்துவிட்டார். வராமற்போனவர்கள் எத்தனை பேர் என்பதற்குக் கணக்கே இருக்க முடியாது. ஒருவர் ‘நாம் அவ்வளவுதான் போல’ என்று நினைத்துத் துறையை விட்டே போயிருப்பார். ரகசியத் தணிக்கை செய்யும் கொடுமை அதுதான்: அடிபட்டவனுக்கு அடிபட்டதே தெரியாது.

அந்தச் செய்தியின் வேலை முறையைக் கவனிக்க வேண்டும். ஒற்றனைப் பற்றி எழுதவில்லை, எதிரி நாட்டு ரகசியத்தைத் தொடவில்லை. ஒரு ரகசிய அமைப்பு ஒரு செய்தி நிறுவனத்துக்குள் எந்தக் கதவு வழியாக வருகிறது, எந்த அறையில் உட்கார்கிறது, எந்தக் காகிதத்தில் என்ன குறி போடுகிறது என்று காட்டினார்கள், அவ்வளவே. சில வாரங்களில் பி.பி.சி. அந்தச் சோதனையை மிகச் சில பதவிகளுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொண்டது.

அடுத்த ஆண்டே இருவரும் நீதிமன்றச் சிக்கலில் மாட்டினார்கள். எம்.ஐ.5இல் இருந்து ஓய்வுபெற்ற பீட்டர் ரைட் ‘ஸ்பைகேட்சர்’ என்ற நினைவுக் குறிப்பை ஆஸ்திரேலியாவில் வெளியிட முயன்றபோது பிரிட்டிஷ் அரசு அங்கே தடை கோரி வழக்குப் போட்டது. அந்த வழக்கைப் பற்றியும் ரைட்டின் குற்றச்சாட்டுகளைப் பற்றியும் 1986 ஜூன் 22 அன்று ‘அப்சர்வர்’ இதழும் மறுநாள் ‘கார்டியன்’ இதழும் எழுதின. உடனே இரண்டு இதழ்களுக்கும் தடை. 1987இல் அமெரிக்காவில் புத்தகம் வெளியாகி, விமானத்தில் போய்வந்தவர்களெல்லாம் பையில் போட்டுக்கொண்டு வந்த பிறகும், லண்டன் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதக் கூடாது என்ற தடை நீடித்தது. 1988 அக்டோபரில்தான் நீங்கியது. உலகமே படித்துவிட்ட பிறகும் தடையை நீட்டித்தது கருத்துரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. ரகசியம் காப்பதற்காகப் போட்ட தடை ரகசியம் போன பின்னும் தொடர்ந்தால், அது காப்பது வேறெதையோ என்பதை நீதிபதிகளே ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது.

இதற்குப் பிறகு லாஷ்மரின் வேலையில் ஒரு திருப்பம். கிரானடா தொலைக்காட்சியின் ‘வேர்ல்ட் இன் ஆக்ஷன்’ நிகழ்ச்சியில் சில ஆண்டுகள் இருந்தார். தொண்ணூறுகளில் அவர் கவனம் பழைய காலத்துக்குப் போனது. பனிப்போர் முடிந்திருந்தது. அதில் பங்கெடுத்தவர்கள் கிழவர்களாகியிருந்தார்கள். பேச மனமிருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. பி.பி.சி.யின் ‘டைம்வாட்ச்’ வரலாற்று நிகழ்ச்சிக்காக 1994இலும், பிறகு 1996இல் வெளிவந்த நூலிலும் அவர் வெளிக்கொண்டு வந்தது உளவு விமானங்களின் கதை.

1952 ஏப்ரல் 17 இரவு. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள ஸ்கல்தார்ப் விமானதளத்திலிருந்து ஆர்.பி.45 வகை அமெரிக்க ஜெட் விமானங்கள் கிளம்பின. விமானம் அமெரிக்காவுடையது, மேலே பூசிய அடையாளம் பிரிட்டிஷ் விமானப்படையுடையது, உள்ளே இருந்தவர்களும் பிரிட்டிஷ்காரர்கள். ஜான் கிராம்ப்டன் தலைமையில் மூன்று விமானங்கள் மூன்று பாதைகளில் சோவியத் எல்லைக்குள் நுழைந்து, போர் வந்தால் குண்டு வீச வேண்டிய இடங்களை ரேடார் படமாக எடுத்துக்கொண்டு திரும்பின. அமெரிக்க விமானிகளை அனுப்ப வாஷிங்டன் தயங்கிய காலம் அது. லண்டனில் பிரதமர் சர்ச்சில் அனுமதி கொடுத்தார். 1954இலும் மீண்டும் ஒருமுறை போனார்கள்.

இதை வீரக்கதையாக மட்டும் சொல்லியிருக்கலாம். விமானிகள் துணிச்சல்காரர்கள் என்பதில் சந்தேகமில்லை. லாஷ்மர் அத்தோடு நிறுத்தவில்லை. தரையிலிருந்து ரேடாரில் பார்த்துக்கொண்டிருந்த சோவியத் அதிகாரிக்கு அந்த மூன்று புள்ளிகள் எப்படித் தெரிந்திருக்கும் என்று கேட்டார். வருவது படம் எடுக்கும் விமானமா, அணுகுண்டு சுமந்த விமானமா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஓர் அதிகாரி பதறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த ஆபத்தை யார் எடைபோட்டார்கள், யாருக்குச் சொன்னார்கள்? நாடாளுமன்றத்துக்குச் சொல்லவில்லை. மக்களுக்குத் தெரிய நாற்பது ஆண்டு பிடித்தது.

இப்போது அவருடைய வாழ்க்கையிலேயே நீண்ட காலம் எடுத்த ஒரு செய்திக்கு வருகிறேன். ஒரே செய்தியை ஒருவர் 23 ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை எழுதினார். இரண்டுக்கும் நடுவே என்ன மாறியது என்பதில்தான் இந்தக் கட்டுரையின் விஷயமே இருக்கிறது.

1948இல் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சகம் ‘தகவல் ஆய்வுத் துறை’ என்றொரு பிரிவைத் தொடங்கியது. ஆட்சியில் இருந்தது அட்லியின் தொழிற்கட்சி. பெயரைக் கேட்டால் நூலகம் போல இருக்கிறது. அதன் வேலை கம்யூனிசத்துக்கு எதிரான பிரச்சாரம். பிரச்சாரத்தில் மூன்று நிறம் என்பார்கள் அந்தத் துறையைச் சேர்ந்தவர்கள். அரசு தன் பெயரைப் போட்டுச் சொன்னால் வெள்ளை. யார் சொல்கிறார்கள் என்பதை மறைத்துச் சொன்னால் சாம்பல். வேறொருவர் சொல்வதுபோல் பெயரை மாற்றிப் போட்டுச் சொன்னால் கறுப்பு. இந்தத் துறையின் அன்றாட வேலை பெரும்பாலும் சாம்பல்: செய்தியாளர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் நன்கு தயாரித்த குறிப்புகளை அனுப்புவது. ஒரே நிபந்தனை, எங்கிருந்து வந்தது என்று எழுதக் கூடாது. குறிப்புகளில் இருந்த விவரங்கள் பல உண்மையானவையே. அதனால்தான் அவை செலாவணியாயின. எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் கூட 1949இல், இந்தப் பணிக்கு நம்பத் தகாதவர்கள் என்று தான் கருதிய 38 பேரின் பெயர்களை அங்கே வேலை பார்த்த தோழி ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். அந்தப் பட்டியல் 2003இல் வெளிவந்தது. அரசின் கண்காணிப்பை எதிர்த்து நாவல் எழுதிய மனிதர் என்பதால் அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

துறை 1977இல் சத்தமின்றி மூடப்பட்டது. அடுத்த ஜனவரியில், அதே டேவிட் லீ ‘கார்டியன்’ இதழில் அப்படியொரு துறை இருந்ததை முதன்முதலாக வெளிப்படுத்தினார். முப்பது ஆண்டுக் காலம் பத்திரிகைகளுக்குத் தீனி போட்ட ஒரு துறையைப் பற்றிப் பத்திரிகைகளில் ஒரு வரியும் வந்ததில்லை என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1998இல் லாஷ்மரும் ஜேம்ஸ் ஆலிவரும் இந்தத் துறையின் வரலாற்றை நூலாக எழுதினார்கள். அதில் ஓர் அத்தியாயம் இந்தோனேசியா. அறுபதுகளின் தொடக்கத்தில், மலேசியா என்ற நாடு உருவாவதை எதிர்த்து அதிபர் சுகர்ணோ ஒரு மோதலைத் தொடங்கினார். பிரிட்டிஷ் படைகள் போர்னியோக் காடுகளில் அந்த மோதலில் சிக்கியிருந்தன. 1965 செப்டம்பர் 30 நள்ளிரவுக்குப் பின் ஜகார்த்தாவில் ராணுவத் தளபதிகள் சிலர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். பழி கம்யூனிஸ்ட் கட்சியின் மேல் விழுந்தது. ஜெனரல் சுகார்த்தோவின் ராணுவமும் அதன் துணைக் கும்பல்களும் அடுத்த சில மாதங்களில் நடத்திய படுகொலையில் குறைந்தது 5 லட்சம் பேர் மடிந்தார்கள். கட்சி உறுப்பினர்கள், தொழிற்சங்கத்தினர், ஆசிரியர்கள், விவசாயிகள், யாரோ ஒருவரின் பட்டியலில் பெயர் இருந்தவர்கள்.

அந்த நேரத்தில் பிரிட்டிஷ் பிரச்சாரத்தை ஒருங்கிணைக்கச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டவர் நார்மன் ரெடவே. தன் இறுதிக் காலத்தில் அவர் லாஷ்மர் குழுவினரிடம் பேசினார். கேம்பிரிட்ஜின் சர்ச்சில் கல்லூரி ஆவணக் காப்பகத்தில் ஜகார்த்தாவின் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஆண்ட்ரூ கில்கிறிஸ்ட்டின் காகிதங்கள் இருக்கின்றன. அவற்றில் ரெடவே 1966 ஜூலையில் எழுதிய கடிதம் ஒன்று. ஒரு தூதர் தான் பணிபுரியும் நாட்டு மக்களிடம், நினைத்த போதெல்லாம் நினைத்ததை, உடனுக்குடன் பேச முடிந்தது உலக வரலாற்றில் இதுவே முதல் முறையோ என்று அதில் அவர் வியக்கிறார். தூதர் நேரடியாகப் பேசவில்லை. சிங்கப்பூரில் செய்தியாளர்களுக்குத் தகவல் போகும். அவர்கள் உலக ஊடகங்களுக்கு அனுப்புவார்கள். அது வானொலி அலையில் ஏறி இந்தோனேசியாவுக்கே திரும்பும். கேட்பவருக்கு அது நடுநிலையான அயல்நாட்டுச் செய்தி.

1998இல் கையில் இருந்தது இவ்வளவு: ஒரு முதியவரின் நினைவு, சில கடிதங்கள், சூழ்நிலைச் சான்றுகள். வலுவான கதைதான். ஆனால் அந்தப் பிரிவு அச்சடித்தது என்ன என்று யாராவது கேட்டிருந்தால் நீட்டிக் காட்டக் காகிதம் இல்லை.

லண்டனில் கியூ என்ற இடத்தில் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1967 சட்டப்படி அரசு ஆவணங்கள் 30 ஆண்டில் திறக்கப்பட வேண்டியிருந்தது. 2013 முதல் படிப்படியாக அதை 20 ஆண்டாகக் குறைத்தார்கள். தகவல் ஆய்வுத் துறையின் கோப்புகள் 1995இலிருந்துதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரத் தொடங்கின. எஃப்.ஓ. 1110 என்பது அந்த வரிசையின் எண். எல்லாம் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஆண்டுக்குச் சில பெட்டிகள்; சில பெட்டிகளில் சில தாள்கள் உருவப்பட்டிருக்கும். அரசு வெளியிடும் நாளில் அதைச் செய்தியென்று யாரும் எழுதுவதில்லை. உரிய பெட்டியை உரிய நாளில் கேட்டு வாங்க, எதைத் தேடுகிறோம் என்று தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும்.

லாஷ்மர், ஆலிவர், நிக்கலஸ் கில்பி ஆகிய மூவரும் அப்படித் தேடிக் கண்டதை 2021 அக்டோபரில் ‘அப்சர்வர்’ இதழில் எழுதினார்கள். இம்முறை காகிதமே கையில் இருந்தது. வெளிநாட்டில் வாழும் இந்தோனேசிய தேசபக்தர்கள் நடத்துவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு செய்திமடல். உண்மையில் அதை எழுதியது சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் பிரச்சாரக் குழு. மூன்று நிறங்களில் கறுப்பு என்று சொன்னோமே, அதுதான் இது. கொலைகள் தொடங்கிய வாரங்களில் அந்த மடல், கம்யூனிஸ்ட் கட்சியையும் அதைச் சார்ந்த அமைப்புகளையும் முற்றாக ஒழிக்கும்படி தூண்டியது.

பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. கொன்றது இந்தோனேசிய ராணுவம். அந்த மடல் வராதிருந்தால் கொலைகள் நடந்திருக்காது என்று யாரும் நிறுவவில்லை. லாஷ்மர் குழுவும் அப்படிச் சொல்லவில்லை. நிறுவப்பட்டது வேறு. ஒரு ஜனநாயக அரசு, பொய்ப் பெயரில், ஒரு மக்கள் கூட்டத்தை ஒழிக்கச் சொல்லித் தூண்டியது. அதைத் தன் நாடாளுமன்றத்திடமும் மக்களிடமும் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மறைத்தது. இந்த இரண்டையும் கலந்து பேசினால் குற்றச்சாட்டு பெரிதாகத் தெரியும், ஆனால் பலவீனமாகிவிடும். பிரித்துச் சொல்லும்போதுதான் அது மறுக்க முடியாததாகிறது. செய்தியாளரின் வேகமும் ஆய்வாளரின் நிதானமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதன் பயனை நான் இங்கேதான் காண்கிறேன்.

பல்கலைக்கழகம் அவருக்கு வேறொன்றையும் கொடுத்தது. பத்திரிகை உலகம் தன்னைப் பற்றித் தானே எழுதுவது குறைவு. உளவு அமைப்புகள் செய்தியாளர்களை எப்படிக் கையாள்கின்றன என்று எழுதினால், பக்கத்து மேசைக்காரரின் பெயர் வரும். ஆசிரியரின் பெயரும் வரலாம். ஆய்விதழில் அந்தச் சங்கடம் இல்லை. 2013இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை தாம்சனின் அந்தப் பழைய உவமையைத் தலைப்பிலேயே வைத்து, செய்தியாளர் கழிப்பிடமா, செய்தி ஓடும் வாய்க்காலா என்று கேட்டது.

உளவு அமைப்புகள் செய்தியாளர்களிடம் பேசும் ஏற்பாடு இன்று இப்படி இருக்கிறது. எம்.ஐ.5, எம்.ஐ.6 இரண்டும் முக்கிய ஊடக நிறுவனங்களில் ஒருவர் இருவரோடு பேசும். பேசியதை அந்த அமைப்பின் பெயரைப் போட்டு எழுதக் கூடாது. விதியை மீறினால் அழைப்பு நின்றுவிடும். 1992இல் ஒரு மதிய விருந்தில் தொடங்கிய இத்தகைய உறவைப் பற்றி ‘அப்சர்வர்’ செய்தியாளர் டேவிட் ரோஸ் 2007இல் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் மனம் திறந்து எழுதினார். ஈராக் போருக்கு முன்பு இப்படி வந்த தகவல்களை நம்பித் தானும் எழுதியதற்காக வருந்தினார். அவரைக் குறை சொல்வது எளிது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்: தகவலைச் சரிபார்க்க அவருக்கு இருந்த ஒரே வழி, அதைச் சொன்ன அதே ஆளை மீண்டும் கேட்பதுதான். இரண்டாவது சாட்சி கிடைக்காத துறை இது. அமெரிக்கச் செய்தித்தாளில் ஒன்று வரும், அதைப் பார்த்து லண்டன் செய்தித்தாள் எழுதும், இரண்டும் சேர்ந்து உறுதியான செய்தியாகிவிடும். இரண்டுக்கும் ஊற்று ஒன்றாகவே இருந்திருக்கலாம்.

அப்படியானால் எல்லா ரகசியத்தையும் வெளியிட வேண்டுமா என்ற கேள்வி நியாயமானது. வேண்டாம். உயிரோடு இருக்கும் ஓர் உளவாளியின் பெயர், நடந்துகொண்டிருக்கும் ஒரு நடவடிக்கை, இவற்றை வெளியிடக் கூடாது என்பதில் பொறுப்புள்ள செய்தியாளர்கள் பெரும்பாலும் உடன்படுகிறார்கள். லாஷ்மர் வெளியிட்டவற்றைத் திரும்பப் பார்த்தால் அதில் எந்த உளவாளியின் உயிருக்கும் ஆபத்து இல்லை. 105ஆம் அறையும் இந்தோனேசிய மடலும் மறைக்கப்பட்டது பாதுகாப்புக்காக அல்ல. தெரிந்தால் தலைகுனிவு என்பதற்காக. இந்த இரண்டு வகை ரகசியத்தையும் பிரித்துக் காட்ட அரசுக்குள்ளேயே ஆள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். 1994 சட்டம் நாடாளுமன்றக் குழு ஒன்றை அமைத்தது. 2000இல் முறையீட்டுத் தீர்ப்பாயமும் வந்தது. அந்தத் தீர்ப்பாயம் உளவு அமைப்புகளுக்கு எதிராக முதன்முதலில் தீர்ப்புச் சொன்னது 2015 பிப்ரவரியில். அமெரிக்காவோடு தகவல் பகிர்ந்துகொண்ட முறை அதற்கு முன்பு சட்டப்படி சரியாக இல்லை என்றது. அமெரிக்க உளவு அமைப்பில் வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் 2013இல் கொடுத்த ஆவணங்களைப் பத்திரிகைகள் வெளியிட்டிராவிட்டால் அந்த வழக்கே வந்திருக்காது. பதினைந்து ஆண்டு காலம் உள்ளே இருந்த காவலர்கள் காணாததை வெளியே இருந்தவர்கள் காட்ட வேண்டியிருந்தது.

அந்த வெளியீட்டுக்கு விலையும் இருந்தது. 2013 ஜூலை 20 அன்று ‘கார்டியன்’ அலுவலகத்தின் அடித்தளத்தில், ஜி.சி.எச்.க்யூ ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அந்த இதழின் ஊழியர்களே ஸ்னோடன் கோப்புகள் இருந்த கணினிப் பாகங்களை அரைத்து நொறுக்கினார்கள். தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் கண்காணிக்கப்பட முடியும் என்று தெரிந்த பிறகு, பெயர் சொல்லாமல் தகவல் தருகிறவர் இனி வருவாரா என்பது லாஷ்மரின் அடுத்த ஆய்வாயிற்று. உளவுத் தகவலைப் பகிர்ந்துகொள்ளும், ஆங்கிலம் பேசும் ஐந்து நாடுகளின் புலனாய்வுச் செய்தியாளர்களைச் சந்தித்துப் பேசி எழுதினார். பழைய முறைக்குத் திரும்பியதாகப் பலர் சொன்னார்கள்: நேரில் பார், கைபேசியை வீட்டில் விட்டுவிட்டு வா. இந்த முப்பது நாற்பது ஆண்டு அனுபவமெல்லாம் 2020இல் எடின்பரோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூலில் சேர்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் உளவுத்துறைக்கும் ஊடகத்துக்கும் இடையிலான நூறாண்டு உறவின் வரலாறு அது.

அதே ஆண்டு டிசம்பரில் அவர் எழுதிய செய்தியில் உளவே இல்லை. பார்படோஸ் தீவில் 1640களிலிருந்து ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும் ட்ராக்ஸ் ஹால் கரும்புத் தோட்டத்தைப் பற்றியது. அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த அந்தத் தோட்டம், அப்போது பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ரிச்சர்ட் ட்ராக்ஸ் கையில் வந்திருந்ததைப் பதிவேடுகளைக் கொண்டு காட்டினார். துறை மாறிவிட்டாரே என்று தோன்றலாம். வேலை அதேதான்: கேட்கப்படாது என்ற நம்பிக்கையில் பத்திரப்படுத்தி வைத்த காகிதத்தைத் தேடிப் பிடித்து, தேதி போட்டு, பெயர் போட்டு மேசைமேல் வைப்பது.

இந்தோனேசியச் செய்தி இன்னும் முடியவில்லை. ரெடவே 1999இல் காலமானார். அன்று சிங்கப்பூரில் அவரோடு இருந்தவர்களில் அநேகமாக எவரும் இன்று இல்லை. 2021இல் வெளிவந்தது வெளியுறவு அமைச்சகத்தின் ஒரு பிரிவு வைத்திருந்த கோப்புகளில் இருந்தது. எம்.ஐ.6 தன் கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்புவதே இல்லை. 1965க்கும் அதில் விலக்கு கிடையாது. கியூவின் வாசிப்பு அறையில் எஃப்.ஓ. 1110 வரிசையின் பெட்டியை எடுத்து வைத்துப் புரட்டினால், சில இடங்களில் தாளுக்குப் பதில் ஒரு சீட்டு மட்டும் இருக்கும். இந்தப் பக்கம் துறையிலேயே நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று அதில் அச்சிட்டிருக்கும்.